ஆணி அடித்த இடம்

அந்த மஞ்சள் அடையாளத்தை யார் போட்டது என்று தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

மாவு மில்லுக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டுப் பெரியவர் இருந்த காலத்தில் அந்தச் சுவர் கிடையாது. கட்டடம் முழுக்க மில். நடுவில் பெரிய இரட்டைக் கதவு. மூட்டை வண்டி உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வரலாம். அவர் போன பிறகு மூத்த மகன் மில்லைப் பார்த்துக்கொண்டார். இளையவன் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்து அதே கூரைக்குக் கீழே ஒரு மூலையில் பட்டறை போட்டான். மாவுத் தூசி பறக்கிற இடத்தில் தீப்பொறியும் பறந்தால் என்ன ஆகும்? ஒருநாள் ஒரு சாக்கு கருகியது. கருகியது ஒரு சாக்குதான், கிளம்பிய பேச்சு இரண்டு தலைமுறைக்குக் காணும். தம்பிக்கு அறிவில்லை என்று அண்ணன் சொல்ல, அண்ணனுக்கு மனசில்லை என்று தம்பி சொல்ல, கடைசியில் பாகம் பிரித்தார்கள்.

சரிபாதி என்றால் நூல் பிடித்த சரிபாதி. இருவரும் பிடித்த பிடியில், சுவர் அந்தப் பெரிய கதவின் நட்டநடுவில் வந்து இறங்கியது. ஆளுக்கு ஒரு பக்கக் கதவு. இந்தப் பக்கம் மூட்டை போக வேண்டும், அந்தப் பக்கம் கிரில் கேட் வர வேண்டும். இரண்டுமே சுவரை உரசிக்கொண்டுதான். அதோடு விட்டார்களா? வாசலில் மூட்டை அடுக்குகிற இடம் எதுவரை, கேட் சாத்தி வைக்கிற இடம் எதுவரை என்று மறுபடி முறைப்பு வந்தது. சுவருக்கு நேராக ரோட்டு ஓரச் சிமெண்டில் அண்ணன் ஒரு பெரிய ஆணியை அடித்தார். அதைச் சுற்றி வட்டம் போட்டு, குறுக்கே இரண்டு கோடும் இழுத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்தான் தம்பி. சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஏதாவது கேட்டுக்கு மஞ்சள் அடிக்கும்போதெல்லாம் மீதியை மறக்காமல் அந்த வட்டத்துக்கும் பூசிவிடுவான். பகையைக்கூட அந்த வீட்டில் பராமரிப்பு பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

காலையில் மூத்தவள் வாசல் கூட்டுவாள். மூத்தவள் என்றால் மில்லுக்காரரின் மனைவி. இளையவனின் மனைவி இளையவள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருவருக்கும் அதுதான் பெயர். மாவு படிந்த மண்ணைத் தள்ளிக்கொண்டே வருவாள். துடைப்பம் ஆணியில் தட்டியதும் நின்றுவிடும். அந்தப் பக்கம் கிடப்பது இரும்புத் தூள், அது ஓரகத்தியின் பாடு. இந்தக் கணக்கில் ஒரு விரற்கடை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனதில்லை.

ஊரைப் புத்திசாலி நகரமாக மாற்றப்போகிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது மூத்தவளுக்குச் சந்தோஷம்தான். தெருவிளக்கு தானே எரியுமாம், தானே அணையுமாம். குப்பைத் தொட்டி நிறைந்தால் அதுவே ஆபீசுக்குச் சொல்லுமாம். தண்ணீர்க் குழாய் உடைந்தால் உடைந்த இடம் திரையில் தெரியுமாம். இதெல்லாம் நல்லதுதானே என்று மாவு வாங்க வந்தவர்களிடம் அவளே சொன்னாள். அதற்கு முன்னால் தெருவைத் தோண்டுவார்கள் என்பது அப்போது தெரியாது.

முதலில் தண்ணீர்க்காரர்கள் வந்தார்கள். மில் வாசலில் நின்று மஞ்சள் வட்டத்தைப் பார்த்தார்கள், தலையை ஆட்டிக்கொண்டார்கள், பக்கத்தில் நீலத்தில் ஓர் அம்பு போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கரண்ட்காரர்கள் வந்து சிவப்பில் ஒரு கோடு. பிறகு கேபிள் கம்பெனி ஆரஞ்சில் ஒரு கட்டம். ஒவ்வொருவரும் வந்தவுடன் நேராக அந்த வட்டத்துக்குத்தான் போவார்கள். குனிந்து ஆணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். "இங்கதான்" என்பார்கள். மூத்தவளுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நம் வீட்டு ஆணிக்கு இவ்வளவு மரியாதையா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

பிறகு அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றித் தோண்டினார்கள். ஒருவர் தோண்டி மூடிய இடத்தை மண் காய்வதற்குள் இன்னொருவர் தோண்டினார். மழை வேறு பிடித்துக்கொண்டது. பெரிய மழையில்லை, நிற்கவும் நிற்காத, அடிக்கவும் அடிக்காத தூறல். பள்ளமெல்லாம் செந்தண்ணீர். மில்லுக்கு வருகிறவர்கள் தலையில் டின்னோடு பலகை மேல் நடந்து வந்தார்கள். நடக்க முடியாதவர்கள் வேறு மில்லுக்குப் போனார்கள். கல் ஓடாத நேரத்தில் மில்லுக்காரர் பெல்ட்டைத் தடவிப் பார்ப்பார், சல்லடையைத் தட்டுவார், மறுபடி உட்காருவார். தோண்டினதில் பட்டறைக்குப் போகிற கரண்ட் லைன் அறுந்துபோனது. யார் அறுத்தது என்று யாரும் ஒத்துக்கொள்ளாததால் யாரும் ஒட்டவும் இல்லை. பட்டறையில் சத்தம் நின்றது.

"என்ன, அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம்?" என்றார் மில்லுக்காரர். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைத் திட்டியவர் அவர்தான்.

"லைன் அறுந்து கிடக்கு. தெரியாதா உங்களுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சல்லடையைத் தட்டப் போனார். அது ஏற்கெனவே தட்டி வைத்ததுதான்.

இதுவரை வந்தது தொந்தரவு. அடி அதற்குப் பிறகு விழுந்தது. ஒருநாள் கம்பம் நடுகிற கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைப் பொடியில் மஞ்சள் வட்டத்தைச் சுற்றிப் பெரிய சதுரம் போட்டார்கள். எதற்கு என்று மூத்தவள் கேட்டாள். புத்திசாலிக் கம்பம் வரப்போகிறது, அதில் விளக்கு, காமிரா, காற்றை மோந்து பார்க்கிற கருவி எல்லாம் இருக்கும் என்றார்கள். கம்பத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை, மேடைக்குப் பின்னால் பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. அவள் சதுரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். மேடை பாதிக் கதவு, பெட்டி மீதிக் கதவு. அந்தப் பக்கமும் அதே கதைதான். மூட்டை உள்ளே போகாது, கேட் வெளியே வராது. எறும்பும் மனுஷனும் போகலாம். இரண்டு குடும்பத்துக்கும் சோறு போடுகிற வழி அந்தச் சதுரத்துக்குள் மாட்டிக்கொண்டது.

மில்லுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். தண்ணீர் ஆபீசில், கம்பத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, கரண்ட் ஆபீசைக் கேளுங்கள் என்றார்களாம். கரண்ட் ஆபீசில், இடம் எங்களுடையது இல்லை, மாநகராட்சியைக் கேளுங்கள் என்றார்களாம். மாநகராட்சியில், கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று என்றார்களாம். கம்பெனியில் ஒரு பையன் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, எல்லாத் துறையும் சேர்ந்து முடிவு பண்ணின இடம், நாங்கள் எப்படி மாற்றுவது என்று மரியாதையாகக் கேட்டானாம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் திரும்பி வந்தார். வந்தவர் இன்னொன்றும் சொன்னார். போன இடத்திலெல்லாம் பெஞ்சின் மறுமுனையில் தம்பி உட்கார்ந்திருந்தானாம்.

"பேசினீங்களா?"

"என்னத்தப் பேச? அவன் அவன் மனுவைக் குடுத்தான், நான் என் மனுவைக் குடுத்தேன்."

மாடியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர். துணி காயப்போடும்போது மூத்தவளும் இளையவளும் அங்கே தேவைக்குப் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் வந்ததா, சோப்பு இருக்கிறதா, அந்த அளவுக்கு. அன்றைக்கு இளையவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, ரெண்டு கேட் முடிச்சு உள்ள நிக்குது. கம்பம் வந்துட்டா அதை அறுத்துத்தான் வெளிய எடுக்கணும்."

"எங்களுக்கும் அதே கதிதான்."

"நம்ம மாமியாரு இருந்திருந்தா ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சிருப்பாங்க."

"அவங்க இருக்கும்போதுதான்மா சுவரே வந்துச்சு" என்றாள் மூத்தவள். இளையவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தெருவில் கூட்டம் என்று சொன்னார்கள். எல்லாத் துறையையும் சேர்த்து வேலை வாங்குவதற்கென்றே ஓர் அதிகாரியம்மா இருந்தாள். இளவயது, போகிற இடத்திலெல்லாம் கூட்டம் போடுவதால் தெருவில் அவளுக்குக் கூட்டத்தம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஆளாளுக்கு நாட்டாமை பண்ணுகிற இடத்தில் எல்லாரையும் ஒரு குடைக்குள் கொண்டுவரப் பார்க்கிறாள், பாவம். கண்ணுக்குக் கீழே கருவளையம். தூறல் வலுத்ததும் எல்லாரும் மில்லுக்குள் ஏறிவிட்டார்கள். தண்ணீர், கரண்ட், கேபிள், கம்பெனி, மாநகராட்சி ஓவர்சியர் எல்லாரும் மூட்டைகளுக்கு நடுவில் நின்றார்கள். சாய்ந்தவர்கள் முதுகிலெல்லாம் மாவு. கொழுந்தன் படிக்குக் கீழே, தன் பக்கத்துக் கூரையின் ஓரத்தில், பாதி நனைந்துகொண்டு நின்றான். உள்ளே வா என்று அவனை யாரும் கூப்பிடவில்லை.

"இந்த ஊர்லயே இந்தத் தெருதான் எனக்கு நிம்மதியான தெரு" என்று ஆரம்பித்தாள் கூட்டத்தம்மா. மற்ற தெருக்களில் ஒரு துறை சொல்கிற இடம் இன்னொரு துறைக்கு ஒத்துவராமல் இழுபறியாம். இங்கே மட்டும் ஐந்து பேரும் ஒரே புள்ளியைக் காட்டியிருக்கிறார்கள். மேலதிகாரிகளுக்கு அவள் படம் போட்டுக் காட்டுவதே இந்தத் தெருவைத்தானாம்.

"அது சரிங்க மேடம். எங்க கதவு அடைபடுதே" என்றார் மில்லுக்காரர்.

"தெரியுது. உங்க மனுவும் வந்துச்சு, பக்கத்துக் கடைக்காரர் மனுவும் வந்துச்சு. ரெண்டடி இடது பக்கம் தள்ளச் சொல்லி நீங்க எழுதியிருக்கீங்க. ரெண்டடி வலது பக்கம் தள்ளச் சொல்லி அவர் எழுதியிருக்கார். ரெண்டையும் கூட்டிக் கழிச்சா அதே இடம்தான் வருது. நான் என்ன பண்ண?"

ஓவர்சியர் சிரித்துவிட்டார். அண்ணன் மூட்டையைப் பார்த்தார், தம்பி மழையைப் பார்த்தான். மூத்தவளுக்கு மானம் போனது போல் இருந்தது. ஏதாவது பேசி அதை மூட வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள்.

"அந்த இடத்தை முதல்ல காட்டினது யாருங்க மேடம்?"

"எல்லாரும் சேர்ந்துதான்."

"சேர்ந்துதான். ஆனா முதல்ல யாரு?"

கூட்டத்தம்மா தண்ணீர்க்காரரைப் பார்த்தாள். அவர், நாங்கள் வரும்போதே மஞ்சள் அடையாளம் இருந்தது, கரண்ட்டுடையது என்று நினைத்தோம் என்றார். கரண்ட்காரர், எங்களுக்கு மஞ்சள் கிடையாது, கம்பெனி அளந்து ஆணி அடித்திருக்கிறது என்று நினைத்தோம் என்றார். கம்பெனிக்காரர் கேபிளைக் காட்டினார். கேபிள்காரர் ஓவர்சியரைக் காட்டினார். ஓவர்சியரின் சிரிப்பு நின்றுபோனது. காட்டுவதற்கு அவருக்கு ஆள் மிச்சமில்லை. ஆணியெல்லாம் அடித்துப் பக்காவாக இருந்ததே என்று மட்டும் முனகினார். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள், கூட்டம் அதோடு கலைந்தது.

மூத்தவள் குடையை எடுத்துக்கொண்டு கூட்டத்தம்மாவோடு வண்டிவரை போனாள். குடும்ப விஷயத்தை வெளியாளிடம் சொல்வதா என்று தயக்கமாக இருந்தது. ஆனால் சொல்லாவிட்டால் கதவு போய்விடும். பலகையின் நடுவில் நின்று சொல்லிவிட்டாள். ஆணி தன் கணவர் அடித்தது, பெயிண்ட் கொழுந்தன் பூசியது, அது பாகம் பிரித்த கோடு, அதற்கும் நகரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கூட்டத்தம்மா நடக்காமல் நின்றாள். முகத்தில் என்ன தெரிந்தது என்று மூத்தவளால் சொல்ல முடியவில்லை. கோபமா, அழுகையா, சிரிப்பா, மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. இவங்க அஞ்சு பேரும் ஒத்துப்போனது இந்த ஒரு இடத்துலதான். அதுவும் தப்புன்னு சொன்னா, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்குத் தெம்பில்ல."

"அப்ப எங்க கதவு?"

"நான் மாத்தணும்னா அஞ்சு பேர் கையெழுத்தும் மறுபடி வாங்கணும். ஒரு வருஷம் ஆகும். மேடை போடறது நாளன்னைக்கு." வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், கண்ணாடியை இறக்கினாள். "யாரும் அளக்கல. எல்லாரும் அடையாளத்தைத்தான் பாக்கறாங்க. அடையாளம் இருக்கிற வரைக்கும் கம்பம் அங்கதான் வரும்."

வண்டி போய்விட்டது. மூத்தவள் பலகை மேல் நின்று யோசித்தாள். இவள் கைவிரித்தாளா, வழி சொன்னாளா? ஒருமுறை நினைத்தால் கைவிரித்தது போல் இருந்தது. இன்னொருமுறை நினைத்தால் வழி சொன்னது போல் இருந்தது. மில்லுக்கு வந்து சேருவதற்குள் நாலைந்து தடவை மாற்றி மாற்றி நினைத்துவிட்டாள்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"அழிக்கிறதா? அது இருக்கிறதாலதான் இத்தனை நாள் சண்டை இல்லாம இருக்கு. அழிச்சுட்டா நாளைக்கு அவன் கேட்டைக் கொண்டுவந்து என் படியில சாத்துவான். அப்ப நான் எதைக் காட்டிக் கேக்கறது?"

"கம்பம் வந்தா படியே இருக்காது. அப்புறம் எங்க சாத்தினா என்ன?"

பதில் இல்லாதபோது அவர் தண்ணீர் குடிப்பார். சொம்பு காலியாகும்வரை குடித்தார்.

மாடியில் இளையவளிடம் சொன்னபோது அவளும் கீழே போய்த் தன் கணவனைக் கேட்டுவிட்டு அதே பதிலைத்தான் கொண்டுவந்தாள். அடையாளம் போனால் அண்ணன் மூட்டையை அடுக்கிக்கொண்டே இந்தப் பக்கம் வந்துவிடுவார் என்றானாம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இரண்டு பெண்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று மூத்தவளுக்கே தெரியவில்லை. கணவர் சொல்லும்போது அதுவும் சரியாகப்பட்டது, கொழுந்தன் சொன்னதைக் கேட்கும்போது அதுவும் சரியாகப்பட்டது. இரண்டு சரியும் சேர்ந்து தன் அடுப்பை அணைக்கப் போகிறதே என்றுதான் வயிறு எரிந்தது.

மறுநாள் மத்தியானம் தெருமுனையில் ஜல்லியும் மணலும் வந்து இறங்கின. கலவை மிஷினையும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். நாளைக் காலையில் வருவோம், வாசலைக் காலியாக வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பம் லாரியிலிருந்து இறங்கி, பந்திக்குக் காத்திருக்கிற ஆள் போல, ரோட்டோரத்தில் நீளமாகப் படுத்துக்கொண்டது.

மில்லில் ஒரே ஒரு டின் கோதுமை ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவள் மாவைக் கையில் வாங்கி, நைசாகிவிட்டதா என்று விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கொழுந்தன். சுவர் எழுந்த பிறகு அந்தப் படியில் அவன் கால் வைத்ததில்லை. இப்போதும் வைக்கவில்லை, படிக்குக் கீழேதான் நின்றான். கையில் கிரைண்டர் மிஷின், அதில் துரு தேய்க்கிற கம்பி பிரஷ் மாட்டியிருந்தது. ஒயர் தோளில் சுற்றியிருந்தது.

"அண்ணி, எங்க பக்கம் கரண்ட் இல்ல."

மூத்தவள் கணவரைப் பார்த்தாள். அவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோதுமை முழுசாக இறங்கும்வரை பார்த்தார். பிறகு மோட்டாரை அணைத்தார். பெல்ட் ஓய்ந்து நின்றது.

"தூசி பறக்குது. கொஞ்சம் அடங்கட்டும்னு சொல்லு" என்றார் மனைவியிடம். "அப்புறம் அந்த ரெண்டாவது பிளக்ல போடச் சொல்லு. முதல் பிளக் லூசு."

"அழிச்சா எது யாருதுன்னு பின்னாடி பேச்சு வரக்கூடாதுன்னு சொல்லுங்க அண்ணி."

"பேச்சு வராம எப்படி இருக்கும்னு கேளு."

"வந்தா வரட்டும். கம்பம் போனப்புறம் வரட்டும்னு சொல்லுங்க."

நடுவில் நின்றவளுக்கு இரண்டு பேரையும் ஓர் அறை அறையலாமா என்று இருந்தது. ஒயரை வாங்கிப் பிளக்கில் சொருகினாள்.

பட்டறை வாசலில் கிரைண்டர் சத்தம் கேட்பது ஒரு செய்தியா? தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. லைன் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கொழுந்தன் குந்தி உட்கார்ந்து வட்டத்தைத் தேய்த்தான். மேலே கம்பெனியின் வெள்ளை போனது, கேபிளின் ஆரஞ்சு போனது, சிவப்பு போனது, நீலம் போனது. மஞ்சள் மட்டும் போகவில்லை. வருஷா வருஷம் பூசியது அடை அடையாகப் படிந்து கிடந்தது. ஓர் அடுக்கு போனால் அடியில் இன்னோர் அடுக்கு. தன் கைவேலையோடு தானே மல்லுக்கட்டி அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் சிமெண்ட் தெரிந்தது. ஆணி மட்டும் நின்றது.

மில்லுக்காரர் கடப்பாரையோடு இறங்கி வந்தார். ஆணியின் தலைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். அசையவில்லை. சுத்தியலால் இரண்டு பக்கமும் தட்டிவிட்டு மறுபடி நெம்பினார். அடித்த காலத்துக் கோபம் எல்லாம் அந்த ஆணியில் இறங்கியிருந்தது போலும். கடப்பாரை வழுக்கி, கை சிமெண்டில் உரசி, முழங்கையில் ரத்தம் கசிந்தது. மூத்தவள் ஓடி வருவதற்குள் அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"பிடிடா."

யாரைச் சொன்னார் என்று ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு தம்பி கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரையைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். ஆணி கிரீச்சென்று கிளம்பி வந்தது. அழுதால் இரண்டு பேரும் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள் என்று மூத்தவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மாவுத் தூசி என்று நினைத்திருப்பார்கள்.

தேய்த்த இடம் வெள்ளை வெளேரென்று காட்டிக்கொடுத்தது. இளையவள் ஒரு கூடைச் சேற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டினாள், மூத்தவள் மில்லில் கூட்டி வைத்த மாவுக் குப்பையை மேலே தூவினாள். இரண்டையும் காலால் மிதித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் வேலையாட்கள் வந்து வாசலில் நின்றார்கள். இப்படியும் அப்படியும் நடந்தார்கள். மேஸ்திரி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"இங்க மஞ்சள்ல ஒரு அடையாளம் இருந்துச்சே?"

"எங்களுக்கு என்னங்க தெரியும்" என்றார் மில்லுக்காரர்.

"எங்களுக்கு என்னங்க தெரியும்" என்றான் தம்பி.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அவர்கள் ஒரே விஷயத்தைச் சொல்லிக் கேட்பது மூத்தவளுக்கு அதுதான் முதல் தடவை. அது பொய்யாக இருந்ததில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மேஸ்திரி போன் போட்டார். கம்பெனிக்காரர் வந்தார், தண்ணீர்க்காரர் வந்தார், ஓவர்சியர் வந்தார். ஒவ்வொருவராக வந்து தரையைத் தேடினார்கள். உங்களிடம் அளவு இருக்குமே என்று ஒருவர் கேட்க, உங்களிடம் இல்லையா என்று மற்றவர் கேட்டார். கடைசியில் கூட்டத்தம்மா வந்தாள். சேற்று மண்ணையும் அதன் மேல் கிடந்த மாவையும் பார்த்தாள். செருப்பு நுனியால் லேசாகக் கிளறினாள், அடியில் வெள்ளைச் சிமெண்ட் தெரிந்தது. செருப்பாலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"மழையில போயிருக்கும்" என்றாள். "சரி, டேப்பை எடுங்க. இன்னிக்காவது எல்லாரும் சேர்ந்து அளப்போம்."

மத்தியானம்வரை அளந்தார்கள். டேப்பின் ஒரு முனையைத் தண்ணீர் பிடிக்க, மறுமுனையைக் கரண்ட் பிடித்தது. கத்தினார்கள், கோபித்துக்கொண்டு போனார்கள், டீ வந்ததும் திரும்பி வந்தார்கள். மில் வாசலுக்கு அடியில் சாக்கடைக் கால்வாய் போகிறது, எப்படியும் அங்கே மேடை நின்றிருக்காது என்று அப்போதுதான் ஓவர்சியருக்கு நினைவு வந்தது. கடைசியில் தெருமுனையில், யார் வாசலும் இல்லாத தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம் ஒரு குழி தோண்டினார்கள். அங்கே நிற்பது விளக்குக்குச் சரி, காமிராவுக்குச் சரியில்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சரியா தப்பா என்று மூத்தவளுக்குத் தெரியாது. மூட்டை வண்டி படியேறி வந்தது, அது தெரியும். அன்று சாயங்காலம் யாரோ வந்து பட்டறை லைனையும் ஒட்டிவிட்டுப் போனார்கள். எந்த ஆபீசிலிருந்து என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. உள்ளே நின்ற இரண்டு கேட்டும் வெளியே வந்தன.

அண்ணன் தம்பி அதற்கப்புறம் பேசிக் குலாவினார்கள் என்று நினைக்க வேண்டாம். மில்லுக்காரர் தன் பக்கம் போனார், அவன் தன் பக்கம் போனான். பிடுங்கின ஆணி மட்டும் மில் ஜன்னலில் கிடந்தது. எறியவும் மனசில்லை, எடுத்து வைக்கவும் இடமில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் மூத்தவள் துடைப்பத்தை எடுத்தாள். மாவு மண்ணைத் தள்ளிக்கொண்டே வந்தாள். கை பழக்கத்தில் ஆணியின் சத்தத்துக்குக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. நின்றாள். இவ்வளவு சீக்கிரமாகவா நிறுத்துவோம் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அதிகம் வந்துவிட்டோமோ என்று பின்னால் நகர்ந்தாள். சுவரைப் பார்த்து நேர் பிடிக்கலாம் என்றால், கேட் இழுத்த தடமும் மூட்டை வண்டியின் தடமும் அத்தனை அதிகாரிகளின் செருப்புத் தடமும் சேர்ந்து கண்ணைக் குழப்பின. மாவோடு இரும்புத் தூள் கலந்து, எது யாருடைய குப்பை என்றே தெரியவில்லை.

அந்தப் பக்கக் கதவு திறந்தது. இளையவள் துடைப்பத்தோடு வந்தாள்.

"என்னக்கா, நின்னுட்டீங்க?"

"எதுவரைக்கும் கூட்டறதுன்னு தெரியலம்மா."

இளையவள் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். மூத்தவளும் கூட்டினாள். இரண்டு துடைப்பமும் முட்டிக்கொண்ட இடத்தில் குவியல் சேர்ந்தது. அது பழைய இடமா, ஓர் அடி தள்ளியா, இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மில்லின் உள்ளேயிருந்து ஒரு குரலும் பட்டறையின் உள்ளேயிருந்து ஒரு குரலும், அங்கே என்ன பேச்சு என்று கேட்டன.

மூத்தவள் முறத்தைப் பிடித்தாள். இளையவள் தள்ளிவிட்டாள்.